அரை இன்ச், அரை இன்ச்சாக

தையல்காரம்மாவுக்குப் பொறாமை வந்துவிட்டால் தெருவில் யாரும் வெயிலை எதிர்பார்த்துத் துணி காயப்போட வேண்டியதில்லை. அவள் விடுகிற பெருமூச்சிலேயே மூன்று வீட்டுப் போர்வைகள் மொடமொடவென்று காய்ந்துவிடும். சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அம்மை கண்டபோது, அவளுக்கு மட்டும் பத்து நாள் பள்ளிக்கூடம் கிடையாதா என்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதவள். பல் பிடுங்கப் போன இடத்தில், முன்னால் போனவளுக்கு இரண்டு பல், எனக்கு ஒன்றுதானா என்று டாக்டரை நிறுத்திவைத்துக் கேட்டவள். ஆனால் கை மட்டும் தங்கம். அவள் தைத்த சட்டையைப் போட்டால் கூன் விழுந்தவனும் நிமிர்ந்து நடப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது அவளேதான் என்றாலும் இதுவரை யாரும் மறுத்ததில்லை.

வீடு கீழும் மேலும் என்று இரண்டு குடித்தனம். கீழே தையல்காரம்மா, அவள் புருஷன் பெயிண்டர், பதினோரு வயது மகள் பட்டு. மேலே பெயிண்டரின் தம்பி மனைவியும் அவள் மகள் குருவியும். தம்பி லாரியில் போனவன், மாதத்தில் நாலு நாள் தலை காட்டினால் அதிகம். தம்பி மனைவி தபால்காரி. தோளில் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தே தபால் கொடுக்கிறவள். ஒல்லி என்றால் அப்படியொரு ஒல்லி. பையை இறக்கினால் காற்றுத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று தூங்கும்போதும் பையோடுதான் தூங்குகிறாள் என்பது கீழ்வீடு கட்டிவிட்ட கதை.

முன்னறைதான் தையல் கடை. மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தாள். வெளிச்சத்துக்காக என்று வருகிறவர்களிடம் சொல்வாள். நிஜக் காரணம், மாடிப்படி அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. மேலே ஏறுகிற ஒவ்வொரு பையும் அவள் கண்ணால் சோதனை போடப்பட்ட பிறகுதான் ஏறும். முட்டை எத்தனை, மீன் எந்த அளவு, புதுச் செருப்பா பழைய செருப்பா என்பதெல்லாம் கால் மிதியை நிறுத்தாமலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரே வகுப்பு, ஏறக்குறைய ஒரே சுற்றளவு. இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்றாவது பிள்ளை நின்றுகொண்டே பாடம் கேட்கவேண்டியதுதான். குருவி மட்டும் இரண்டு கிலோ கூடுதல். அந்த இரண்டு கிலோதான் தையல்காரம்மாவின் வாழ்க்கையில் இருந்த ஒரே ஆறுதல்.

அந்த ஆறுதலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னது. அங்கே பிள்ளைகளைப் படுக்கவைத்து, விலாவில் பசையைத் தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு என்று மெஷின் ஓர் எண்ணாகச் சொல்லுமாம். இருநூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லையாம். குருவிக்கு இருநூற்று எண்பது. பட்டுவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.

தையல்காரம்மா எண்ணைக் கேட்டதும் மகளைப் பார்க்கவில்லை. ஓரகத்தியைத்தான் பார்த்தாள்.

“டாக்டரம்மா, மெஷினைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க. மேல்வீட்டுப் பொண்ணு ரெண்டு கிலோ ஜாஸ்தி. அவளுக்குக் கம்மி, என் பொண்ணுக்குக் கூடயா? சீட்டு மாறியிருக்கும்.”

“மாறலம்மா,” என்றார் டாக்டர். “எடையை மட்டும் வச்சு இதைச் சொல்ல முடியாது. கொழுப்பு எங்க போய்த் தங்குதுங்கிறதுதான் விஷயம். இவளுக்கு வயித்துலயும் கல்லீரல்லயும் தங்குது. பாப்பா என்ன குடிப்பா?”

“தண்ணிதான். அப்புறம் ஜூஸு. பழச்சாறு டாக்டரம்மா, உடம்புக்கு நல்லதுன்னு டப்பாவுலயே எழுதியிருக்கே.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

பட்டு விரல் மடக்கி எண்ணினாள். ஒரு கை தீர்ந்து அடுத்த கைக்குப் போனபோது தையல்காரம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

டாக்டர் எழுந்து வந்து பட்டுவின் பின்னலை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். பிடரியில் கறுப்பாக, வெல்வெட் துணி ஒட்டவைத்த மாதிரி ஒரு பட்டை.

“அதுதான் டாக்டரம்மா, நானும் ரெண்டு வருஷமா நார் போட்டுத் தேய்க்கிறேன். போகமாட்டேங்குது. ஒழுங்காக் குளிக்கிறதில்ல.”

“தேய்க்காதீங்க. இது அழுக்கு இல்ல. இன்சுலின் உடம்புக்குள்ள சரியா வேலை செய்யலைன்னா தோல் இப்படிக் கறுக்கும்.”

பட்டு அம்மாவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு வருஷத்து நார்த் தேய்ப்பும் அந்தப் பார்வையில் இருந்தது.

“பயப்படாதீங்க, இந்த வயசுல இது திரும்பி வரும்,” என்றார் டாக்டர். “ஆனா கல்லீரல் வலிக்காது. வலிக்கட்டும் பார்த்துக்கலாம்னு இருந்தா ஒரு நாள் தழும்பு விழுந்து இறுகிப்போகும். பட்டினி போடக் கூடாது, வளர்ற பிள்ளைங்க. இனிப்பாக் குடிக்கிறது எல்லாத்தையும் நிறுத்துங்க. தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடட்டும். மூணு மாசம் கழிச்சு வாங்க.”

அடுத்த அறையில் உணவு முறை சொல்லித்தருகிற பெண் இருந்தாள். பெயிண்டர் பிறகு அவளுக்குச் சாப்பாட்டு டாக்டர் என்று பட்டம் கொடுத்தார். அவள் இருவரின் இடுப்பையும் அளந்து குறித்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாள்.

“வீட்டுல தராசு, டேப்புன்னு எடுத்துப் பிள்ளைங்களை மிரட்டாதீங்க. ஸ்கூல் பாவாடை இருக்கில்ல, அது போதும். இடுப்புப் பட்டி தளர்ந்தா நல்ல வழியில போறோம்னு அர்த்தம்.”

பாவாடை தைக்கிறவளைப் பார்த்தே அதைச் சொன்னாள், பாவம். அவளுக்கு எப்படித் தெரியும்?

*

பட்டுவின் பாவாடை இரண்டு, குருவியின் பாவாடை இரண்டு. நாலையும் தைத்தது தையல்காரம்மாதான். வளர்கிற பிள்ளைகள் என்று பட்டியிலும் பக்கத் தையலிலும் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பாவாடையையும் தேய்த்து மடிப்பெடுத்துக் கொடுப்பதும் அவள் வேலைதான். மேல்வீட்டுப் பாவாடையை அவள் தேய்ப்பது அன்பினால் இல்லை. தபால்காரி தேய்த்தால் மடிப்பு கோணும், பிள்ளை தெருவில் போகும்போது தன் தையலுக்கு அல்லவா கெட்ட பெயர்.

சனிக்கிழமை சாயங்காலம் தையல் கடையில் அளவு பார்ப்பது வழக்கமாயிற்று. பிள்ளைகள் இருவரும் பாவாடையைக் கட்டிக் கொக்கி போட்டு நிற்க வேண்டும். பட்டிக்குள் எத்தனை விரல் நுழைகிறது என்று தையல்காரம்மா பார்ப்பாள். முதல் வாரம் இரண்டு பேருக்கும் விரல் நுழையவில்லை. இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் குருவியின் பட்டிக்குள் ஒரு விரல் வழுக்கிக்கொண்டு போனது.

“அம்மா, போகுது! விரல் போகுது!” என்று குருவி குதித்த குதியில் மெஷின் மேலிருந்த நூல்கண்டுகள் ஏழும் உருண்டு ஏழு திசைக்கும் ஓடின.

“சாயங்காலம் என்கூட தண்ணித் தொட்டி மைதானத்தைச் சுத்தறாள்ல, அதான்கா,” என்றாள் தபால்காரி. அவள் முகம் மலர்ந்திருந்தது. மலர்ந்தது தப்பில்லை. ஆனால் தையல்காரம்மாவின் கண்ணுக்கு முன்னால் மலர்ந்தது.

பட்டுவின் பட்டிக்குள் நகம்கூட நுழையவில்லை. அந்தப் பிள்ளை மூன்று வாரமாக ஜூஸைத் தொடவில்லை, மொட்டைமாடியில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். பாவாடையை அவிழ்த்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

“போனாப் போகுது, எழுந்து வா. சாப்பிடு,” என்றாள் தையல்காரம்மா.

“எனக்கு மட்டும் ஏம்மா குறையல?”

“குறையும்.”

“குருவிக்குக் குறைஞ்சிடுச்சே.”

இரண்டே சொல். தையல்காரம்மாவின் நெஞ்சில் யாரோ கரி அடுப்பைப் பற்றவைத்து முறத்தால் விசிறின மாதிரி இருந்தது. அன்று ராத்திரி வாயில் போட்ட ரொட்டித் துண்டு தொண்டைக்குள் இறங்குவதற்குள் டோஸ்ட் ஆகிவிட்டது என்று பெயிண்டர் பின்னாளில் சொல்வார்.

மறுநாள் மத்தியானம். பெயிண்டர் குறட்டை, பிள்ளைகள் மொட்டைமாடியில், தபால்காரி மேலே தலை பின்னிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்துவிட்டு, பட்டுவின் பாவாடையை உள்பக்கம் திருப்பினாள். தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்து, பட்டியில் ஒரு பக்கம் பிரித்து, உள்ளே மடித்த துணியை அரை இன்ச் வெளியே விட்டு, பழைய துளைகள் மறைய ஆவி காட்டித் தேய்த்து, அதே நிற நூலால் ஓட்டினாள். இரண்டு பாவாடைக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிஷம். பிள்ளை அழக் கூடாது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

குருவியின் பாவாடை பக்கத்திலேயே கிடந்தது. பட்டி தளர்ந்துவிட்டது என்று கர்வத்தோடு கிடந்த மாதிரி அவளுக்குப் பட்டது. அதை எடுத்தாள். அதிலும் அதன் ஜோடியிலும் அரை இன்ச் உள்ளே பிடித்துத் தைத்தாள்.

*

அதற்கடுத்த சனிக்கிழமை பட்டுவின் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. குருவியின் அழுகை அதற்கும் ஒரு தெரு தள்ளிக் கேட்டது.

வாரம் விட்டு வாரம் அரை இன்ச். அளவுக்கு மேல் ஆசைப்படக் கூடாது என்கிற ஒழுங்கு தையல்காரம்மாவிடம் இருந்தது. திருட்டிலும் அவள் நல்ல தையல்காரி. ஒவ்வொரு ஓட்டும் அவ்வளவு நேர்த்தி. தைத்தவளே திருப்பிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பட்டுவுக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கையோடு பசியும் வந்தது. கயிறு தாண்டுவது அரை மணியாகி, கால் மணியாகி, கயிறு துணி காயப்போடுகிற கொடியாயிற்று.

“அம்மா, ஒரே ஒரு ஜூஸ். குறைஞ்சிடுச்சுல்ல?”

“ஒண்ணுதான்,” என்பாள் தையல்காரம்மா. மறுக்க வாய் வராது. குறையவில்லை என்று அவள் ஒருத்திக்குத்தானே தெரியும். அதை எந்த வாயால் சொல்வது? ஒன்று இரண்டாயிற்று. இரண்டோடு பிஸ்கட் பாக்கெட்டும் சேர்ந்துகொண்டது.

பெயிண்டர் ஏணியில் நின்று உலகத்தைப் பார்க்கிறவர். அவருக்குச் சில விஷயம் இடித்தது.

“ஏம்மா, பாவாடை தளருதுங்கிற. ஆனா பிள்ளை உட்கார்ந்தா கட்டில் கத்துது. நேத்து பூனை அடியில மாட்டிக்கிச்சோன்னு குனிஞ்சு பார்த்தேன்.”

“நீங்க பெயிண்டைப் பாருங்க. அளவை நான் பார்த்துக்கறேன்.”

மேல்வீட்டில் நிலைமை வேறு. தபால்காரி நாள் முழுக்க நடந்து திரும்பின காலோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், மகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். மூன்று சுற்று ஐந்தாயிற்று. ஐந்து எட்டாயிற்று. வீட்டில் சர்க்கரை டப்பாவையே கவிழ்த்து வைத்துவிட்டாள். இருந்தும் சனிக்கிழமை வந்தால் பட்டி இறுகியது. ஒரு நாள் அவள் படியிறங்கி வந்து, மெஷின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அக்கா, மறைக்காம சொல்லுங்க. பட்டுவுக்கு என்ன குடுக்கறீங்க?”

இந்த ஒரு கேள்விக்காகத் தையல்காரம்மா பத்து வருஷமாகக் காத்திருந்தாள் என்றால் மிகையில்லை. மிகையானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். ஊசியில் நூலைக் கோத்து, வாயால் நுனியை ஈரப்படுத்தி, இன்னொரு தரம் கோத்து, நிதானமாகச் சொன்னாள்:

“பெருசா ஒண்ணும் இல்ல. காலையில வெந்நீர். எழுந்து கிழக்கப் பார்த்து நின்னு குடிக்கணும்.”

“கிழக்கா?”

“கிழக்குதான். மேற்கப் பார்த்துக் குடிச்சா ஊதிடும்.”

மறுநாளிலிருந்து மாடிப்படியில் தாயும் மகளும் கிழக்கைப் பார்த்து வெந்நீர் குடித்தார்கள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபோது தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவேண்டும். வந்தது. ஆனால் சூடான தம்ளரைத் தாய் ஊதி ஊதி மகளிடம் கொடுத்ததையும், இரண்டு பேரும் எதற்கோ சேர்ந்து சிரித்ததையும் பார்த்ததும், சிரிப்பு பாதியில் நின்று புளித்துவிட்டது. பட்டு தன்னோடு இப்படிச் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று?

ஒன்பதாவது வாரம் குருவி பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது மயங்கி உட்கார்ந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டை நாலைந்து நாளாக யாருக்கும் தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தாளாம். பட்டுதான் வந்து சொன்னாள்.

“ஏன்னு கேட்டேன். பாவாடை இறுகுதுன்னு அழறாம்மா.”

தையல்காரம்மாவின் கால் மிதியில் நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை குருவியின் பாவாடையை எடுத்து, பிடித்த தையலை எல்லாம் பிரித்துவிடுவது என்றே உட்கார்ந்தாள். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான். பிரிக்கிற கொக்கியை முதல் தையலில் நுழைத்தும்விட்டாள். அப்போது பார்த்து மாடிப்படியில் தடதடவென்று குருவி இறங்கி வந்தாள்.

“பெரியம்மா! சொல்லவே மறந்துட்டேன்! வெள்ளிக்கிழமை ஓட்டப்பந்தயத்துல நான் மூணாவது! ஒல்லிப் பிள்ளைங்களை எல்லாம் தாண்டி மூணாவது! பட்டு கடைசிக்கு முந்தி!”

கொக்கி வெளியே வந்தது. ஊசி உள்ளே போனது. அரை இன்ச்.

*

மூன்று மாதம் ஆயிற்று. நாலு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கிளம்புகிற அவசரத்தில் கழுத்தில் தொங்குகிற டேப்பைக் கழற்ற மறந்து தையல்காரம்மா அதோடேயே பஸ் ஏறிவிட்டாள். தினமும் மறப்பாள்; சிலசமயம் அதோடேயே குளிப்பாள்.

முதலில் குருவி. மெஷின் விலாவில் தட்டிப் பார்த்து இருநூற்று நாற்பத்தொன்று என்றது. சாப்பாட்டு டாக்டர் அளந்து பார்த்தாள். இடுப்பு ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

தபால்காரி நம்பவில்லை. “பாவாடை இறுகுதேங்க?”

“துவைச்சதுல சுருங்கியிருக்கும்,” என்றாள் சாப்பாட்டு டாக்டர். “ஆனா ரத்தம் கம்மியா இருக்கு. சாப்பாட்டைக் கொட்டினியா, குருவி? அது தப்பு. நடந்ததும் ஜூஸை விட்டதும்தான் உன்னைச் சரியாக்கிச்சு. பட்டினி இல்ல.”

அடுத்தது பட்டு. முந்நூற்று முப்பத்தாறு. டாக்டர் இரண்டாம் தரம் தட்டிப் பார்த்தார். முந்நூற்று முப்பத்தெட்டு. ரத்தச் சீட்டிலும் கல்லீரல் எண்கள் ஏறியிருந்தன. சாப்பாட்டு டாக்டர் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள்.

“எண்பது. போன தடவை எழுபத்தாறு.”

“இல்லை,” என்றாள் பட்டு.

“என்ன பாப்பா?”

“எனக்குக் குறைஞ்சிருக்கு. பாவாடையில மூணு விரல் போகுது.” பட்டியைப் பிடித்து இழுத்தும் காட்டினாள், போனது. “உங்க டேப் தப்பு.”

“டேப் தப்பா இருக்காதும்மா.”

“தப்புதான்!” பட்டுவுக்குக் குரல் உடைந்தது. ஆனாலும் விடவில்லை. “எங்கம்மா டெய்லர். எங்க ஏரியாவுலயே எங்கம்மா அளவுதான் கரெக்ட். எங்கம்மா தைச்ச பாவாடை பொய் சொல்லாது. வேணும்னா அம்மாவையே அளக்கச் சொல்லுங்க. அம்மா, நீ அள. அம்மா, டேப்பு கழுத்துலதானே இருக்கு, அள!”

அறையில் எல்லோரும் தையல்காரம்மாவைப் பார்த்தார்கள். முப்பது வருஷத்தில் அவள் அளந்த இடுப்புகளை நீட்டிப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். இந்த ஒன்றை அளக்கக் கை வரவில்லை. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். மகளின் முன்னால் மண்டி போட்டாள். சுற்றிப் போட்டு முனையைச் சேர்த்தாள். பட்டு வயிற்றை எக்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு, ஜெயிக்கப்போகிற முகத்தோடு நின்றாள்.

இருபத்தெட்டு என்று சொன்னால் போதும். டேப்பில் எண் எங்கே இருக்கிறது என்று அவள் விரலுக்கடியில் யார் பார்க்கப்போகிறார்கள்? அது ஒரு நிமிஷம் அவள் நாக்கு நுனிக்கு வந்தது.

“முப்பத்தொன்றரை,” என்றாள். “அவங்க சொன்னதுதான்.”

“அப்போ பாவாடை?”

“நான் பிரிச்சுவிட்டேன்.”

“எவ்வளவு?”

“மூணு இன்ச்.”

பட்டு கைகளைக் கீழே இறக்கினாள். “ஏன்?”

“நீ அழுதேல்ல. அதுக்கு அரை இன்ச்.” தையல்காரம்மா எழுந்திருக்கவில்லை. மண்டி போட்டபடியே, மகளைப் பார்க்காமல், ஓரகத்தியின் செருப்பைப் பார்த்துச் சொன்னாள்: “மீதி ரெண்டரை உன் சித்திக்காக.”

“எனக்காகவா?” என்றாள் தபால்காரி.

“உன் பொண்ணு பாவாடையைப் பிடிச்சும் தைச்சேன். அதுவும் மூணு இன்ச்.”

குருவி தன் பட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தபால்காரி கத்துவாள் என்று தையல்காரம்மா எதிர்பார்த்தாள். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், மனசு ஆறும். தபால்காரி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, “சாப்பாட்டைக் கொட்டினாளேக்கா,” என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் பேனாவை மூடினார். “பாவாடைக் கணக்கை வீட்டுல முடிச்சுக்கங்க. பட்டுவுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஆனா நிறைய இல்ல. இன்னொரு மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் ஏறினா உள்ள தழும்பு விழுதான்னு தேட ஆரம்பிக்கணும்.”

பஸ்ஸில் பட்டு சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

*

வீடு வந்ததும் தபால்காரி மேலே போய், குருவியின் இரண்டாவது பாவாடையையும் கொண்டுவந்து மெஷின் மேல் போட்டாள்.

“பிரிங்க.”

“வச்சிட்டுப் போ, நாளைக்கு...”

“நான் நிக்கிறேன். என் பொண்ணு இடுப்பை என் பொண்ணுகிட்டயே குடுங்க.”

தையல்காரம்மா பிரித்தாள். ஆறு வாரத் தையல், ஆறு ஓட்டு. தபால்காரி ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தாள்.

“எவ்வளவு சுத்தமா தைச்சிருக்கீங்க,” என்றாள். பாராட்டா சாபமா என்று தெரியவில்லை. “அந்த வெந்நீர்?”

“அதுவும் பொய்தான்.”

“கிழக்கு?”

“கிழக்கும்.”

தபால்காரியின் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பு வரப் பார்த்து, வேண்டாம் என்று அடக்கிக்கொண்ட கோணல். “என்கிட்ட அப்படி என்னதான்கா இருக்கு?”

தையல்காரம்மா யோசித்தாள். சொல்லப் போனால் பெரிய பட்டியலே இருந்தது. ஜன்னல் வழியாகப் பத்து வருஷம் சேர்த்தது. “அவ உன்கூட சிரிக்கிறா,” என்றாள் கடைசியில், பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு. “உன் பொண்ணு.”

தபால்காரி பாவாடைகளை வாங்கி மடித்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: “நாளையிலேருந்து பட்டுவை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். கேட்கலை. சொல்றேன்.”

வீட்டில் ஒரு ஜூஸ் டப்பா மிச்சமில்லை. பெயிண்டரே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் வேலைத்தளத்தில் கொடுத்துவிட்டார். பிஸ்கட் கேட்டு பட்டு வாயைத் திறக்கவே இல்லை. அம்மாவிடம் எதற்குமே அவள் வாயைத் திறக்கவில்லை. பாவாடையைத் தானே தேய்த்துக்கொண்டாள், மடிப்பு கோணியது. தையல்காரம்மாவின் கை துடித்தது. தொடவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஜன்னல் வழியாக மூன்று முதுகுகள் போகும். நடுவில் தபால்காரி, இந்தப் பக்கம் குருவி, அந்தப் பக்கம் பட்டு. திரும்பி வரும்போது மூன்றும் வியர்வையில் நனைந்து, எதையோ பேசிக்கொண்டு வரும். மூன்றாவது நாள் பட்டு வாய்விட்டுச் சிரித்தாள். தையல்காரம்மா கால் மிதியை அழுத்தின அழுத்தில் ஊசி இரண்டாக உடைந்து, ஒரு துண்டு கூரையில் போய்க் குத்தி நின்றது.

நாலாவது நாள் மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு அவளும் கிளம்பினாள்.

“நீ எதுக்கு?” என்றாள் பட்டு. நாலு நாளில் பேசிய முதல் வார்த்தை.

“நானும் நடக்கறேன்.”

“தைக்க இருக்குமே. போய்த் தை.”

தையல்காரம்மா செருப்பை மாட்டினாள். முப்பது வருஷம் உட்கார்ந்தே இருந்த உடம்பு. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போகிற பாதையில் அரைச் சுற்று முடிவதற்குள் அவளுக்கு வாய் வழியாக ஒரு மூச்சு, காது வழியாக ஒரு மூச்சு வந்தது. முன்னால் மூன்று முதுகுகளும் சிறிதாகிக்கொண்டே போயின. நடுமுதுகின் மேல் வைத்த கண்ணை அவள் எடுக்கவில்லை. அந்தக் கண்தான் அவளை இழுத்துக்கொண்டு போனது. நல்ல எண்ணத்தை நம்பி வந்திருந்தால் முதல் வளைவிலேயே உட்கார்ந்திருப்பாள்.

மற்றவர்கள் ஐந்து சுற்று முடித்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, முகம் செங்கல் நிறமாகி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தையல்காரம்மா வந்து நின்றாள். தபால்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள். தையல்காரம்மா உட்காரப் போனாள்.

“எத்தனை சுத்து?” என்று கேட்டாள் பட்டு.

“மூணு,” என்றாள் தையல்காரம்மா மூச்சு வாங்க.

பட்டு அம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எழுதிக்கொள்ளப் போகிற மாதிரி பார்த்தாள்.

“எத்தனை?”

தையல்காரம்மா ஓரகத்தியைப் பார்த்தாள். குருவியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

“ரெண்டரை.”

“அப்போ அந்த அரையை முடிச்சிட்டு வா,” என்றாள் பட்டு. பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் தன் தண்ணீர்ப் பாட்டிலை வைத்து, வேறு யாரும் உட்காராதபடி அதைக் கையால் பிடித்துக்கொண்டாள்.